பழைய இலக்கம், புதிய ஒட்டு

2024ஆம் ஆண்டு, நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்குக் கொஞ்ச நாள் முந்தி. சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், தங்கையின் மகன் மடிக்கணினியைத் திறந்தபடியே திண்ணைக்கு வந்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் படிப்பிக்கும் ரியூசன் நிலையத்தில், பாடக் குறிப்புகளைப் பகிர்வதற்காக ஒரு பழைய கணினியைச் சேர்வராக ஓடவிட்டிருக்கிறோம். அதில் இருந்தது டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். பொடியன் எங்கிருந்தோ பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஒரு ஸ்கேனர் மென்பொருளை இறக்கி அதன்மேல் ஓட்டிப் பார்த்திருக்கிறான். திரை முழுக்கச் சிவப்பு.

“மாமா, எங்கட சேர்வர்ல பெரிய ஓட்டை கிடக்கு. ஓப்பன் எஸ்எஸ்எச் 9.2 ஓடுது. 9.8 போடோணுமாம். நீங்கள் அப்டேட்டே செய்யிறேல்லையோ?”

“போன கிழமையும் செய்தனான்.”

“அப்ப ஏன் இன்னும் 9.2 எண்டு காட்டுது?”

ஓப்பன் எஸ்எஸ்எச் என்பது தூரத்தில் இருந்து சேர்வருக்குள் நுழைய உதவும் மென்பொருள்; 9.2, 9.8 எல்லாம் அதன் வேர்ஷன் இலக்கங்கள். லினக்ஸ் பக்கம் புதிதாக வருகிற எல்லோரும் இந்த இடத்தில் ஒருதரம் இடறுவார்கள். நானும் இடறியிருக்கிறேன். ஸ்கேனரை நம்பி, மூல மென்பொருளை இறக்கி, நானே கொம்பைல் செய்து போட்டு, அடுத்த ஆறு மாதம் அதற்கு ஒரு பாதுகாப்பு அப்டேட்டும் வராமல் வைத்திருந்த பெருமை எனக்கு உண்டு. ஆகவே பொடியனைத் திண்ணையில் இருத்திக் கதைக்கத் தொடங்கினேன். அன்று சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

‘ஸ்டேபிள்’ என்ற சொல்லில் இருந்து தொடங்கலாம். அதைக் கேட்டதும் ‘உறையாது, விழாது, பிழையே கிடையாது’ என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் டெபியன் ஸ்டேபிள், இன்னொரு லினக்ஸான உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு வெளியீடு), லினக்ஸின் கருவான கேர்னலின் நீண்டகால வெளியீடு என்று சொல்கிறவர்கள் அந்தச் சொல்லில் வைத்திருக்கும் பொருள் ‘மாறாது’ என்பதுதான். வெளியிட்ட அன்று எந்த மென்பொருள் எந்த வேர்ஷனோ, கடைசிவரை அநேகமாக அதேதான். இன்று ஒரு மெனு இருக்கிற இடத்தில்தான் இரண்டு வருடம் கழித்தும் இருக்கும். இன்று எழுதிவைத்த சின்ன நிரல் இரண்டு வருடம் கழித்தும் அப்படியே ஓடும். வெளியிட்டபோது இருந்த பிழைகளும், யாராவது கைவைக்கும்வரை அப்படியே இருக்கும்.

எங்கள் பக்கத்துக் கிடுகு வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது எங்கே பார்த்தாலும் மதிலும் தகரமும்தான், ஆனாலும் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வேலி அடைத்த ஞாபகம் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை வேலியைத் தாங்கும் கம்புகளான கதியால்களைப் பார்த்து, உக்கிய கிடுகைக் கழற்றி, புதுக் கிடுகு வைத்து, ஒரு மூலையில் இருந்து மற்ற மூலைவரை கட்டிக்கொண்டு போவார்கள். அது பெரிய வேலை. இடையில் ஒரு நாய் புகுந்து புகுந்து பொட்டு, அதாவது ஓட்டை, விழுந்துவிட்டால் முழு வேலியையும் ஆரும் பிரிக்க மாட்டார்கள். ஒரு கிடுகை எடுத்து அந்தப் பொட்டை மட்டும் அடைப்பார்கள். முழு வேலியைப் பிரித்தால் அன்றைக்கு வளவு திறந்து கிடக்கும், ஊர் ஆடெல்லாம் கத்தரித் தோட்டத்துக்குள் நிற்கும்.

புது வெளியீடு என்பது வேலி அடைப்பு. ஸ்டேபிளுக்குள் வருகிற திருத்தம் பொட்டு அடைப்பு. 9.2ஐ எடுத்துவிட்டு 9.8ஐப் போடுவது, பொட்டுக்காக வேலியைப் பிரிக்கிற வேலை.

சரி, எந்தப் பொட்டை அடைப்பது, எதை விடுவது?

டெபியனில் ஒரு வழுவை அறிவித்தால் அதற்கு ஒரு கடுமை அளவு குறிக்கப்படும். மேலிருந்து கீழாக ஏழு படி இருக்கிறது: கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ், இம்போர்ட்டன்ட், நோர்மல், மைனர், விஷ்லிஸ்ட். முதல் மூன்றும் ஒரு வகுப்பு. இந்த மூன்றில் ஒன்று மேலே கிடந்தால் அந்த மென்பொருளைப் புது வெளியீட்டில் சேர்க்கவே மாட்டார்கள். தன் வேலையைப் பார்க்காமல் மற்ற மென்பொருள்களையும் சேர்த்து உடைப்பது, பாரதூரமாகத் தரவை அழிப்பது, நிறுவிய உடனேயே கணினியில் பாதுகாப்பு ஓட்டையைத் திறப்பது எல்லாம் கிரிட்டிக்கல். மென்பொருளைத் திறக்கவே முடியவில்லை, அல்லது அதைப் பாவிப்பவரின் தரவு போகிறது என்றால் கிரேவ். சீரியஸ் என்பது டெபியனின் கொள்கை விதிகளைக் கடுமையாக மீறுவது, அல்லது இது வெளியிடத் தகுதியில்லை என்று அந்த மென்பொருளை டெபியனில் கவனிக்கும் பராமரிப்பாளரே நினைப்பது.

ஆத்திரத்தில் இருக்கிற ஆளுக்குத் தன் பிழை எல்லாமே கிரிட்டிக்கல்தான். அறிவிக்கும்போது அப்படியே போட்டும் அனுப்பலாம். பராமரிப்பாளர் அமைதியாக ‘நோர்மல்’ என்று இறக்கிவிட்டுப் போவார். எத்தனை பேருக்குக் கரைச்சல் என்பதைவிட, போனது திரும்பி வருமா என்பதுதான் இந்த அளவுகோலில் பெரிய கேள்வி என்று நான் விளங்கிக்கொண்டிருக்கிறேன். ஆயிரம் பேருக்கு ஐகன் கோணலாகத் தெரிந்தால் அது மைனர். பத்துப் பேருக்குக் கோப்பு அழிந்தால் அது கிரேவ்.

இந்த இடத்தில் பொடியன் இடைமறித்தான். அவனுக்கு இன்னொரு முறைப்பாடும் இருந்தது. அவன் பாவிக்கும் பாட்டுப் போடும் செயலியில், பட்டியலில் வரும் தமிழ்ப் பெயர்களின் மேற்பக்கம் வெட்டுப்படுகிறது. ‘கீ’யின் சுழி பாதிதான் தெரியும், ‘கி’யா ‘கீ’யா என்று சொல்ல முடியாது. “இது எந்தப் படி மாமா?” என்றான். மைனர் என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்தது, ஒரு திருத்தம் எந்த வழியால் வருகிறது என்பது. முதலில் பிழை பிடிபட வேண்டும். மோட்டார் சைக்கிளில் ஒரு சத்தம் வரும், கராஜுக்குக் கொண்டுபோனால் சத்தம் நின்றுவிடும், மெக்கானிக் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார். மென்பொருளிலும் அதே கதைதான். ‘சில நேரம் வேலை செய்யுதில்லை’ என்ற அறிவிப்பை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. ‘இந்தக் கோப்பைத் திற, இந்த இரண்டு விசையை அழுத்து, மூன்றாம் முறை விழும்’ என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது.

பிழை பிடிபட்டதும் திருத்தம் நேரே ஸ்டேபிளுக்குப் போகாது. முதலில் வளர்ச்சிக் கிளைக்குத்தான் போகும். அங்கேதான் அடுத்த வெளியீடு உருவாகிக்கொண்டிருக்கிறது. கிரெக் குரோ-ஹார்ட்மனும் கூட்டாளிகளும் பராமரிக்கும் லினக்ஸ் கேர்னலின் ஸ்டேபிள் கிளையில் இது எழுதிவைத்த விதி: லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மூலக் கிளையில் ஏற்கனவே சேராத திருத்தம் ஸ்டேபிளுக்குள் வரக்கூடாது. உபுண்டுவிலும் அப்படித்தான், வளர்ச்சியில் இருக்கும் பதிப்பில் முதலில் திருந்த வேண்டும். காரணம் எளிது. பழைய வேலியில் மட்டும் பொட்டை அடைத்துவிட்டு, புது வேலியில் அதே இடத்தைத் திறந்து வைத்தால், புது வெளியீட்டுக்கு மாறுகிற அன்று பழைய பிழை திரும்ப வந்து நிற்கும்.

வளர்ச்சிக் கிளையில் திருந்திய பிறகு, அந்த மாற்றத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய வேர்ஷனுக்குப் பொருந்துகிற மாதிரி வெட்டித் தைப்பார்கள். இதற்குப் பெயர் பேக்போர்ட். எழுத்தில் எளிதாகத் தெரிகிறது, ஆனால் வேலையின் முக்கால்வாசியும் இங்கேதான். புதிய நிரல்கோடில் ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் மாறியிருக்கும். பழையதில் அந்த ஃபங்ஷனே இருக்காது. எல்லாம் சரியாகப் பொருந்தி, ஆனால் அர்த்தம் மட்டும் மாறியிருக்கிற இடங்களும் உண்டு. அவைதான் ஆபத்தானவை.

எவ்வளவு சின்னதாக வெட்ட வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. கேர்னல் ஸ்டேபிளுக்கான ஒட்டு (பட்ச்), சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து 100 வரிக்கு மேல் போகக்கூடாது. பார்த்தவுடன் சரி என்று தெரிய வேண்டும், சோதித்திருக்கவும் வேண்டும். டெபியன் ஸ்டேபிளுக்குள் ஒரு திருத்தத்தைக் கொண்டுவர விரும்பும் பராமரிப்பாளர், பழையதுக்கும் புதியதுக்கும் இடையே என்ன வரி போயிற்று, என்ன வரி வந்தது என்று காட்டும் வேறுபாட்டுக் கோப்பை வெளியீட்டுக் குழுவிடம் கொடுத்து அனுமதி கேட்க வேண்டும். ஒட்டுப் போடுகிற சாக்கில் பக்கத்து வரியின் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும், ‘இது எதுக்கு?’ என்று கேள்வி வரும். ரியூப்பில் பஞ்சர் ஒட்டக் கொடுத்த சைக்கிளுக்குப் பெயின்ற் அடித்துத் தந்தால் எப்படியிருக்கும், அப்படி.

இனிப் பொடியனின் 9.2க்கு வருவோம். அவனுடைய ஸ்கேனர் சிவப்பில் காட்டிய ஓட்டையின் பெயர் சிவிஇ-2024-6387; சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது இலக்கம். குவாலிஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, 2024 ஜூலை 1ஆம் திகதி வெளியிட்டார்கள். எஸ்எஸ்எச் சேர்வருக்கு ஒருவர் வந்து, உள்நுழையாமல் வாசலிலேயே நின்றால், அது வழமையாக 120 நொடி பொறுத்திருந்துவிட்டுத் தொடர்பை அறுத்துவிடும். அறுக்கும் அந்தக் கணத்தில், செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு குறிப்பைப் பதிவேட்டில் எழுதப் போகும். பாதியில் விட்ட வேலை எந்த இடத்தில் நின்றது என்பதைப் பொறுத்து, நினைவகம் குழம்பலாம். ஆயிரக்கணக்கான தடவை விடாமல் முயன்று அந்தக் கணத்தைச் சரியாகப் பிடித்தால், கடவுச்சொல் இல்லாமலே ரூட் எனும் முழு அதிகாரத்தோடு உள்ளே போய்விடலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதே ஓட்டை 2006இல் ஒருதரம் கண்டுபிடித்து அடைக்கப்பட்டது. 2020 ஒக்ரோபரில் வேறு ஏதோ மாற்றம் செய்தபோது, அந்த அடைப்பைத் தாங்கிக்கொண்டிருந்த ஒரு வரி தவறுதலாகப் போய்விட்டது. ஓப்பன் எஸ்எஸ்எச் 8.5இல் இருந்து பொட்டு திரும்பத் திறந்தது. 8.4ஐ வைத்திருந்த டெபியன் 11க்கு ஒன்றுமில்லை. பழையதாக இருந்ததே அதற்குக் காவல்.

ஓப்பன் எஸ்எஸ்எச்சை எழுதுகிறவர்கள் 9.8இல் திருத்தினார்கள். டெபியனின் பாதுகாப்புக் குழு அதே நாளில் டெபியன் 12க்குத் திருத்தம் வெளியிட்டது. அதன் இலக்கத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்: 9.2பி1-2+டெப்12யு3.

இதைக் கொஞ்சம் பிரித்துப் படிப்போம். 9.2பி1 என்பது ஓப்பன் எஸ்எஸ்எச் குழு கொடுத்த வேர்ஷன், அதாவது வேலி கட்டிய வருடம். அதற்கடுத்த 2, டெபியன் அதைத் தன் பெட்டியில் அடைத்த இரண்டாம் தடவை. டெப்12 என்றால் டெபியன் 12க்கானது. கடைசியில் இருக்கும் யு3, வெளியிட்ட பிறகு போட்ட மூன்றாவது அப்டேட். பொட்டு அடைத்த சேதி முழுக்க அந்த யு3இல் இருக்கிறது. ஸ்கேனர் முன்பாதியைப் படித்தது, 9.8ஐவிட 9.2 சிறிது என்று கணக்குப் பார்த்தது, சிவப்பு அடித்தது. வால் பக்கத்தை அது பார்க்கவே இல்லை.

“அப்ப 9.8ஐயே நேர போட்டா என்ன குறைஞ்சு போகும்?” என்றான். அதுவும் நியாயமான கேள்விதான். 9.8இல் இந்தத் திருத்தம் மட்டும் வரவில்லை. உள்ளே நுழையத் தெரியாமல் தட்டுத்தடுமாறும் முகவரிகளைச் சேர்வர் தானாகவே கொஞ்ச நேரம் தள்ளிவைக்கும் புதிய வசதி ஒன்றும் வந்தது, அதுவும் கேட்காமலே இயங்கும் நிலையில். நல்ல வசதி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ரியூசன் நிலையத்தில் நாற்பது பிள்ளைகளும் ஒரே ரவுட்டருக்குப் பின்னால் இருந்து, வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரிகிறார்கள். இரண்டு பேர் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் பிழையாக அடித்தால் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்படலாம். சோதனைக்கு முந்தின நாள் இரவு அப்படி நடந்தால் தொலைபேசியை எடுக்கப் போவது நான். யு3இல் அந்த வசதி இல்லை. பொட்டு அடைபட்டது, வேறெதுவும் அசையவில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, சின்ன ஒட்டு என்றால் பயமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2023 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன்.

டெபியன் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சேர்ந்திருக்கும் திருத்தங்களை எல்லாம் தொகுத்து ஓர் இடைவெளியீடு விடும். 12.1, 12.2 என்று இலக்கம் போகும். டிசம்பர் 9ஆம் திகதி 12.3 வர வேண்டும். அதற்குள் கேர்னல் 6.1.64 இருந்தது. 6.1 என்பது நீண்டகாலம் பராமரிக்கப்படும் கிளை, டெபியன் 12 முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. அந்த 6.1.64இல், வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கான ஒரு திருத்தம் பேக்போர்ட் ஆகி வந்திருந்தது. திருத்தம் சரியானதுதான். மூலக் கிளையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அது இன்னொரு மாற்றத்தின் மேல் சாய்ந்து நின்றது. கோப்பில் எந்த இடம்வரை எழுதியாயிற்று என்ற குறியை எப்போது நகர்த்துவது என்பது பற்றிய ஒரு சின்ன மாற்றம் அது. புதிய கேர்னல்களில் ஏற்கனவே இருந்தது, 6.1இல் இல்லை. ஒன்றை மட்டும் எடுத்து வந்தார்கள், அது சாய்ந்து நிற்க வேண்டிய மற்றது அங்கேயே நின்றுவிட்டது.

விளைவு, சில வகையான எழுத்துகளில் தரவு கெட்டுப்போகும் நிலை. தரவைக் காப்பாற்ற வந்த திருத்தம் தரவையே தின்னப் பார்த்தது. டெபியன் குழு 12.3இன் நிறுவல் கோப்புகளை நிறுத்தி, இப்போதைக்கு யாரும் அப்டேட் செய்யாதீர்கள், தானியங்கி அப்டேட் போட்டிருப்பவர்கள் கவனம் என்று அறிவித்தது. அடுத்த நாள், டிசம்பர் 10, கேர்னல் 6.1.66ஓடு நேரே 12.4 வந்தது. 12.3 வராமலே போன இலக்கம்.

இந்தக் கதையை நான் பிள்ளைகளுக்குச் சொல்வதற்குக் காரணம், அங்கே அசட்டையாக வேலை செய்தவர் யாருமில்லை என்பதுதான். ஒட்டு சின்னது. விதிப்படி வந்தது. பார்த்தால் சரியாகத்தான் தெரிந்தது. தனியே படித்தால் சரியான வரி, இல்லாத ஒரு வரியை நம்பி எழுதப்பட்டிருந்தது. இதைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பது வெகு கஷ்டம், ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பராமரிப்பாளரே போட்ட ஒட்டு சுட்ட கதையும் உண்டு. 2006இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருள் தொகுப்பில், ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறது என்பதற்காக ஒரு வரியை முடக்கினார்கள். எழுந்தமானமான எண்ணை உருவாக்கத் தேவையான குழப்பம் முழுக்க அந்த வரி வழியேதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மிஞ்சியது ஓடும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் புரொசெஸ் இலக்கம் ஒன்றுதான், அதாவது 32,768 சாத்தியங்கள். 2008 மே மாதம் கண்டுபிடிக்கும்வரை டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தத் தொகுப்பைக்கொண்டு உருவாக்கப்பட்ட சாவிகள் எல்லாம் ஊகிக்கக்கூடிய சாவிகள். வளவுக்காரர் தேவையில்லை என்று நினைத்துப் பிடுங்கிய தடி, கதியாலாக இருந்திருக்கிறது.

இந்த மாதிரி அடி வாங்கித்தான் காத்திருக்கும் அறை ஒன்று எல்லா இடத்திலும் வந்தது. டெபியனில் ‘புரொப்போஸ்ட் அப்டேட்ஸ்’ என்று ஒரு களஞ்சியம் இருக்கிறது. இடைவெளியீடு வரும்வரை திருத்தங்கள் அங்கே கிடக்கும், விரும்புகிறவர்கள் எடுத்துப் பாவித்துப் பிரச்சினை சொல்லலாம். உபுண்டுவில் திருத்தம் குறைந்தது ஏழு நாள் அப்படி ஊற வேண்டும். அதற்கு முன்பே பராமரிப்பாளர் மூன்று விடயம் எழுதித் தர வேண்டும்: இந்தப் பிழையால் ஆருக்கு என்ன பாதிப்பு, திருந்தியதை எப்படிச் சோதிப்பது, இந்தத் திருத்தம் பிழைத்தால் எங்கே உடையும். மூன்றாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் பக்கத்தில் வீடு கட்டக் கொடுக்கும்போது மேசனிடம் ‘இது விழுந்தா எந்தப் பக்கம் விழும்?’ என்று கேட்டால் அடிக்க வருவார். அங்கே அதை எழுதித் தராமல் அடுத்த கட்டத்துக்குப் போகவே முடியாது. எல்லாம் முடிந்த பிறகும் உபுண்டு ஒரேயடியாக அனைவருக்கும் கொடுக்காது. முதலில் கொஞ்சப் பேருக்கு, அவர்களிடம் கணினி விழுந்த முறைப்பாடு கூடவில்லையென்றால் இன்னும் கொஞ்சப் பேருக்கு. உங்கள் நண்பருக்கு வந்த அப்டேட் உங்களுக்கு இரண்டு நாள் பிந்தி வருவது இதனால்தான்.

பாதுகாப்பு ஓட்டைகளுக்கு மட்டும் வேறு பாதை. அங்கே ஏழு நாள் வெளியில் காயப்போட்டால், அடைப்பதற்கு முன் கள்ளனுக்குப் பொட்டைக் காட்டியதாகிவிடும். ஆகவே திருத்தம் இரகசியமாகத் தயாராகும். லினக்ஸ் வெளியீடுகளின் பாதுகாப்புக் குழுக்களுக்கிடையே அடைத்த கதவுக்குள் பேச்சு நடக்கும், அதிலும் 14 நாளுக்கு மேல் மூடி வைக்கக்கூடாது என்று கட்டுப்பாடு உண்டு. குறித்த நாளில் எல்லோரும் ஒன்றாக வெளியிடுவார்கள். ஜூலை 1 அன்று ஓப்பன் எஸ்எஸ்எச்சும் டெபியனும் ஒரே நாளில் திருத்தத்தோடு வந்தது இப்படித்தான்.

பிந்துவதில் ஒரு லாபமும் இருக்கிறது, 2024 மார்ச் 29 அதைக் காட்டியது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 வேர்ஷன்களுக்குள் ஒருவர் திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்தார். எஸ்எஸ்எச் உள்நுழைவு வழமையைவிட அரை நொடி பிந்துகிறதே என்று சந்தேகப்பட்ட அன்ட்ரெஸ் ஃபிரொயின்ட் என்ற பொறியியலாளர் அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளைகள்வரை அது வந்துவிட்டது. ஸ்டேபிளுக்குள் வரவில்லை, ஏனென்றால் ஸ்டேபிளுக்குள் புது வேர்ஷனே வராது. ‘எப்போதும் புதியதைப் போடு’ என்ற அறிவுரையைக் கேட்டவர்கள்தான் அந்தக் கிழமை நித்திரை கொள்ளவில்லை.

ஆனாலும் இந்தக் கொள்கையில் ஒரு பெரிய விலக்கு உண்டு. பயர்பொக்ஸ் மாதிரியான இணைய உலாவியில் ஓட்டைகள் அடிக்கடி வருகின்றன, நிரல்கோடும் மலை மாதிரி. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துப் பழையதில் தைக்க டெபியனிடம் ஆள் பலம் இல்லை. ஆகவே மொசில்லாவின் நீண்டகால ஆதரவு வேர்ஷனை எடுத்துக்கொள்வார்கள், அதன் காலம் முடிந்ததும் அடுத்ததை முழுதாக உள்ளே விடுவார்கள். குரோமியம் உலாவியிலும் புது வேர்ஷன் முழுசாகத்தான் வரும். அதாவது உலாவிப் பக்கத்து வேலியை மட்டும் அடிக்கடி முழுசாகப் பிரித்துக் கட்டுகிறார்கள். பொத்தான் இடம் மாறிவிட்டது என்று பிள்ளைகள் முறையிடுவதும் அங்கே மட்டும்தான். கொள்கை வழுக்கியது என்று சொல்லலாம், எனக்கு அது யதார்த்தமாகத்தான் படுகிறது.

இதெல்லாம் கேட்ட பிறகும் பொடியன் வாய்ச்சொல்லை நம்பவில்லை. நம்பத் தேவையும் இல்லை. சேர்வரில் ஆப்ட் என்று தொடங்கி, சேஞ்ச்லாக் என்று அடித்து, பக்கத்தில் தொகுப்பின் பெயரைக் கொடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு திருத்தமும் திகதியோடும் காரணத்தோடும் மேலிருந்து கீழாக வரிசையாக வந்தது. மேலே யு3, அதற்கடியில் சிவிஇ-2024-6387. ஸ்கேனர் சிவப்பில் காட்டிய அதே இலக்கத்தை இரண்டு சாளரத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஓட்டை இருக்கிறதா என்று தெரிய இந்தப் பதிவேட்டில் சிவிஇ இலக்கத்தைத் தேடுங்கள், வேர்ஷனை ஒப்பிடாதீர்கள். டெபியனின் பாதுகாப்புத் தடமறியும் தளத்தில் அதே இலக்கத்தைக் கொடுத்தால், எந்த வெளியீட்டில் எந்த ஒட்டோடு அடைபட்டது என்று அட்டவணையாகவே வரும்.

“சரி, அது அடைபட்டிட்டுது. என்ர ‘கீ’?”

தேடிப் பார்த்தோம். அந்தச் செயலியை எழுதியவர்கள் அதன் புதிய வேர்ஷனில் ஏற்கனவே திருத்தியிருந்தார்கள். வரியின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மூன்று வரி மாற்றம். ஆனால் ஸ்டேபிளுக்குள் வராது. தரவு அழியவில்லை, கணினி விழவில்லை, கள்ளன் வரவில்லை. ஒரு மொழிக்காரருக்கு ஓர் எழுத்து பாதி தெரியவில்லை. இங்கேதான் எனக்கும் இந்த அளவுகோலோடு மனத்தாங்கல். மூன்று வரிதானே என்று கேட்கத் தோன்றும். 2023 டிசம்பரில் வந்ததும் சின்ன ஒட்டுத்தான் என்ற நினைவு அந்தக் கேள்வியை விழுங்கிவிடும்.

டெபியனிலேயே ‘பேக்போர்ட்ஸ்’ என்ற தனிக் களஞ்சியம் ஒன்று உண்டு. பெயர் குழப்பும். மேலே சொன்ன பேக்போர்ட்டில் திருத்தம் மட்டும் பழையதுக்குள் வரும், இந்தக் களஞ்சியத்தில் புது வேர்ஷனே முழுசாகப் பழைய டெபியனுக்கு ஏற்றபடி கட்டி வைக்கப்பட்டிருக்கும். அதில் அவனுடைய செயலி இல்லை. செயலிகளைத் தனியாக நிறுவ உதவும் ஃபிளாட்பாக்கில் இருந்தது, ஆனால் இறக்கினால் மாதத்து டேட்டா பாதி போய்விடும் என்று தங்கச்சி தடுத்துவிட்டாள். பொடியன் ‘கி’யையும் ‘கீ’யையும் ஊகித்துக்கொண்டே ஒரு வருடம் பாட்டுக் கேட்டான்.

2025 ஓகஸ்ட் 9ஆம் திகதி டெபியன் 13 வந்தது. அப்போதும் நல்லூரில் திருவிழா. ரியூசன் நிலையத்து வைஃபையில் ஓர் இரவு முழுக்க மடிக்கணினியை மேம்படுத்திவிட்டு, விடியக் காலமை திரையை எனக்கு முன்னால் திருப்பினான். எஸ்எஸ்எச் எந்த வேர்ஷன் என்று நான் கேட்டேன். அவன் அதைப் பார்த்திருக்கவேயில்லை. பாட்டுப் பட்டியலைத் திறந்து, ‘கீ’யின் சுழியில் விரலை வைத்துக் காட்டினான்.